என் உயரத்துக்கு ஒரு துவக்கு

கடைக்காரர் துவக்கை என் கணவரிடம்தான் நீட்டினார். கணவர் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு, "எனக்கில்லை, இவவுக்கு" என்று நோர்வேஜிய மொழியில் சொன்னார். கடைக்காரர் என்னைப் பார்த்தார். நான் ஐந்தடி ஓர் அங்குலம். ஒரு கையில் மகளின் மழைக்கோட்டு, மறு கையில் அவள் பாதி தின்று வைத்த வாழைப்பழம். இரண்டையும் கணவரிடம் கொடுத்துவிட்டுத் துவக்கை வாங்கினேன்.

லில்லெஸ்ட்ரோமில் இருந்த அந்தக் கடைக்கு அது எங்களுடைய மூன்றாவது பயணம். முதல் இரண்டு தடவையும் நான் கேள்வி கேட்டுவிட்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று திரும்பி வந்திருந்தேன். இனி யோசிக்க நேரமில்லை. அப்போது யூன் மாதம். ஓகஸ்ட் கடைசியில், மரமே இல்லாத உயர்ந்த மலைவெளியில், காட்டுப் பனிமான் ஒன்றைச் சுடுவதற்கு என் பெயரில் அனுமதிச் சீட்டு வந்திருந்தது. ஓர் இளம் மான். அதைத் தவறவிட்டு வெறுங்கையோடு வந்தால் எனக்கு வெட்கமில்லை. அது சாகாமல், என் சன்னத்தை உடம்பில் வைத்துக்கொண்டு எங்கேயோ ஓடிப்போய் நாட்கணக்கில் கிடந்து சாகக் கூடாது. அந்தப் பயம்தான் என்னை மூன்று தடவை அந்தக் கடைக்கு இழுத்தது.

இதற்குள் நான் எப்படி வந்தேன் என்று சொல்ல வேண்டும். லோறென்ஸ்கூக்கில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டில், கணவரை இழந்து தனியாக இருந்த ஐம்பத்தைந்து வயதுப் பெண்மணி ஒருவர் இருந்தார். ஒவ்வொரு இலையுதிர்காலமும் வேலிக்கு மேலால் எல்க் மான் இறைச்சி ஒரு பொதி தருவார். என் கணவர் அதை எங்கள் வறுத்த தூளில் பிரட்டல் கறியாக்கி ஒரு கிண்ணம் திருப்பிக் கொடுப்பார். அந்தக் கிண்ணம் நாலைந்து வருடம் போய் வந்தபிறகு, தன் வேட்டைக் குழுவில் ஓரிடம் வெறுமையாக இருக்கிறது, வருகிறாயா என்று என் கணவரைக் கேட்டார். என் கணவர் ஒஸ்லோவில் பஸ் ஓட்டுபவர். உடனே ஓம் என்றார். வேட்டைக்காரர் வகுப்புக்குத் தனியே போகக் கூச்சப்பட்டு, "நீரும் வாருமப்பா, பேச்சுத்துணைக்கு" என்று என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

எனக்கு ஒரு வகுப்பில் சும்மா இருக்கத் தெரியாது. கொப்பி வாங்கினேன், கோடு போட்டேன், சிவப்புப் பேனாவால் தலைப்பெழுதினேன். பரீட்சையில் நான் சித்தியடைந்தேன். கணவர் பறவைகளில் விழுந்துவிட்டார். சுடக்கூடிய வாத்து எது, கூடாத வாத்து எது என்ற கேள்விகள் அவரைக் கவிழ்த்துவிட்டன.

"நான் வாத்துச் சுடவே போறன்? மானுக்குத்தானே போறன்" என்று வீடு வரும்வரை புறுபுறுத்தார்.

"அப்ப மானை மட்டும் கேக்கச் சொல்லி எழுதிப் போடுங்கோ" என்றேன்.

அடுத்த பரீட்சை வேட்டைக்காலம் முடிந்த பிறகுதான். குழுவில் இருந்த இடத்தை யாராவது எடுக்காவிட்டால் அது வேறு ஆளுக்குப் போய்விடும். பக்கத்து வீட்டுப் பெண்மணி என்னைப் பார்த்து, "நீ இருக்கிறாயே" என்றார். ஓம் என்றேன். ஒரு பொறுப்பு தலையில் வந்து இறங்கினால் அதை இறக்கி வைக்கத் தெரியாதவளாகவே நான் வளர்ந்திருந்தேன்.

ஊரில், இலங்கையில், அவை நோர்வே நடுநின்ற சமாதான வருடங்கள். லோறென்ஸ்கூக்கில் ஒரு பிறந்தநாள் விழாவில் இந்தச் செய்தி எப்படியோ கசிந்து, கையில் வடையோடு ஒருவர் என் கணவரைப் பிடித்துக்கொண்டார். "என்ன தம்பி, நோர்வேக்காரன் அங்கை போய் எல்லாரையும் துவக்கைக் கீழை வையுங்கோ எண்டு மண்டாடுறான். நீங்கள் அவன்ரை நாட்டிலை இருந்துகொண்டு துவக்கு வாங்குறியளாம்!" மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அந்தப் பேச்சு சில நாள் மனதிலேயே கிடந்தது. சின்ன வயதில் துவக்கின் முன்பக்கத்தைத்தான் பார்த்திருக்கிறேன். சோதனைச் சாவடியில், பள்ளிக்கூடப் பையைத் திறந்து காட்டும்போது, என் நெற்றி உயரத்தில் அது நிற்கும். நாலு வயது மகள் ஓடித் திரியும் வீட்டுக்குள் அப்படி ஒன்றை நானே கொண்டுவருவதா? பொலிஸ் பத்திரத்தில் எழுதியிருந்தபடி இரும்பு அலுமாரி ஒன்றை வாங்கி நிலவறைச் சுவரில் பூட்டாணி போட்டு இறுக்கினோம். மூன்று தடவை ஆட்டிப் பார்த்தேன். நாலாவது தடவை ஆட்டும்போது கணவர், "சுவர் விழப்போகுது" என்றார்.

அந்த அலுமாரியின் சாவி இன்னொரு சிக்கல். அனுமதி உள்ளவரைத் தவிர வேறு எவர் கையிலும் அது அகப்படக் கூடாது. வேறு எவர் என்பதில் கணவரும் அடக்கம். எங்கள் வீட்டில் அவருக்குத் தெரியாத இடமே இல்லை. சமையலறை முழுக்க அவருடைய ஆட்சி. கடைசியில் தாலிக்கொடியில் கிடந்த ஊசியிலேயே சாவியைக் கொளுவிக்கொண்டேன்.

"தாலி கட்டினவனுக்குச் சாவி இல்லை. நல்ல சட்டம்."

"வாத்தைப் படிச்சிருந்தா இருந்திருக்கும்."

இப்போது கடைக்கு வருகிறேன். மேசையில் மூன்று துவக்குகள் கிடந்தன. ஒன்று, இந்த நாட்டில் பலரும் வைத்திருக்கும், ஆறரை மில்லிமீற்றர் தடிப்புச் சன்னம் போடும் துவக்கு. சுடும்போது தோளில் மெதுவாகவே உதைக்கும், நம்பகமானது. மற்ற இரண்டும் மக்னம். மக்னம் என்றால் சன்னத்துக்குப் பின்னால் வழக்கத்தை விடக் கூடுதல் வெடிமருந்து அடைத்த ரவை. சன்னம் வேகமாகப் போகும், தூரத்திலும் கீழே இறங்காமல் போகும், காற்று அதை அதிகம் தள்ளாது. உதையும் அதற்கேற்ற உதை. இரண்டு மக்னத்தில் ஒன்று நீளக் குழல், மற்றது குட்டைக் குழல்.

கணவர் இணையத்தில் இரவல் அறிவு நிறையச் சேர்த்திருந்தார். மலைவெளியில் ஒளிய மரமில்லை, பனிமான் முன்னூறு மீற்றரிலேயே மனிதரைக் கண்டுவிடும், கிட்டப் போக விடாது, ஆகவே தூரத்தில் இருந்து அடிக்க மக்னம்தான் சரி என்பது அவருடைய கட்சி. நான் கொப்பியைத் திறந்தேன். குழல் குட்டையானால் மருந்து முழுவதும் உள்ளே எரிந்து முடியாது. மிச்சம் வெளியே வாயில் எரியும். வேகம் குறையும், வெடிச்சத்தமும் வெளிச்சமும் கூடும்.

"அப்ப கூட மருந்தைப் போட்டிட்டு, அது எரிய இடம் குடுக்காமல் விடுறதுதானே இது? அதிலை என்ன பிரயோசனம்?" என்று கணவரிடம் தமிழில் கேட்டேன்.

"குழல் குட்டையெண்டாலும் மக்னம் மக்னம்தான். மற்றதைவிட வேகம் குறையாது."

கடைக்காரர் எங்கள் பேச்சு புரியாமலே பதில் சொன்னார். இரண்டு மக்னங்களின் வாயிலும் சைலன்சரைத் திருகிப் பூட்டி, தரையில் என் பக்கத்தில் நிறுத்தினார். இந்த நாட்டில் காதைக் காப்பாற்ற வேட்டைக்காரர் பலரும் அதைப் பூட்டுகிறார்கள். நீளக் குழல் என் மோவாயைத் தொட்டது. குட்டைக் குழல் தோளுக்குக் கீழே நின்றது. "கல்லுக்குள்ளே தவழ்ந்து போகும்போது இந்த வித்தியாசம் தெரியும்" என்றார். அது எனக்கு விளங்கியது.

ஆறரையா, குட்டை மக்னமா? அந்த இடத்தில்தான் நான் பிழை விட்டேன். அது எங்கள் ஆட்கள் மட்டும் விடக்கூடிய பிழை. இந்த நாட்டில் நாங்கள் பிள்ளைக்குப் பனியுடுப்பு வாங்கினால் ஓர் அளவு பெரிதாகத்தான் வாங்குவோம். வாற வருசமும் போடலாம். சப்பாத்து நுனியில் பஞ்சு அடைப்போம். குளிர்ப்பெட்டி, பானை, கார், எல்லாமே இருக்கும் குடும்பத்துக்கு அல்லாமல் வரப்போகும் குடும்பத்துக்கு அளவெடுத்தவை. வாங்குவதென்றால் கொஞ்சம் கூடவாகவே வாங்கிவிடு, பிறகு உதவும். பக்கத்து வீட்டுப் பெண்மணி முதல்நாளே, "பெரியதை வாங்காதே, உன்னால் நன்றாகச் சுட முடிந்ததை வாங்கு" என்று சொல்லியிருந்தார். நான் அதைக் கேட்டேன், கொப்பியிலும் எழுதினேன். எழுதிவிட்டு, தூரத்துக்கும் காற்றுக்கும் எலும்புக்கும் எல்லாவற்றுக்கும் ஒரு பாதுகாப்பாக இருக்கட்டும் என்று குட்டை மக்னத்தைக் காட்டினேன். கூடுதல் மருந்து என் கைப்பிழையை ஈடுசெய்யும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டிருந்தேன்.

சுடுதளத்தில் முதல் வெடியிலேயே குறிபார்க்கும் கண்ணாடி பின்னால் வந்து என் புருவத்தை வெட்டியது. பிறைபோல ஒரு காயம். கணவர் ஓடிவந்து கைலேஞ்சியால் அழுத்தினார். "பொட்டு இடம் மாறிப்போச்சு" என்று பகிடி விட்டார். கைலேஞ்சியை மட்டும் எடுக்கவில்லை. இரண்டாம் வெடியில் தோளில் அணைத்திருந்த துவக்கின் பிடங்கு, கொடியில் கிடந்த சாவியை நெஞ்செலும்பில் பதித்தது. மூன்றாம் வெடிக்கு முன்னரே என் கண்கள் தாமாக மூடிக்கொண்டன.

பெரிய மிருகங்களைச் சுடப் போகும் எவரும் ஒவ்வொரு வருடமும் ஒரு சோதனை சுட வேண்டும். நூறு மீற்றரில் ஐந்து வெடி, ஐந்தும் வட்டத்துக்குள். ஒன்று வெளியே போனாலும் தோல்வி. நான் யூலையில் இரண்டு தடவை தோற்றேன். முதல் தடவை இரண்டு வெளியே. இரண்டாம் தடவை மூன்று.

பக்கத்து வீட்டுப் பெண்மணி என் பக்கத்தில் வந்து குந்தினார். துவக்கை வாங்கித் தானே ரவை போட்டு என்னிடம் தந்தார். நான் குறி வைத்து விசையை இழுத்தேன். "டிக்" என்ற சத்தம் மட்டும் வந்தது. உள்ளே ரவை இல்லை. போடுவதுபோலப் பாவனை செய்திருக்கிறார். ஆனால் குழலின் வாய் ஒரு சாண் கீழே குத்தியிருந்தது. வராத உதைக்கு நான் முன்கூட்டியே பயந்து துவக்கைத் தள்ளியிருக்கிறேன்.

"பார்த்தாயா?" என்றார்.

பார்த்தேன். கூடுதல் மருந்து என் பிழையை ஈடுசெய்யவில்லை, என் பிழையையே அதுதான் உண்டாக்கிக்கொண்டிருந்தது.

தன் ஆறரையை என்னிடம் தந்தார். ஐந்தும் வட்டத்துக்குள் விழுந்தன. கணவர் ஏமாற்றத்தை மறைத்துக்கொண்டு, "மாத்துவம். கடைக்காரன் மாத்தித் தருவான்" என்றார். மாற்றித்தான் இருப்பேன். காரில் ஏறும்போது அந்தப் பெண்மணி ஏதோ நினைத்தவராக, "முழங்கையை மடி" என்றார். என் மக்னத்தின் பிடங்கை முழங்கை மடிப்பில் வைத்து, விரலை விசைக்கு நீட்டச் சொன்னார். என் விரல் விசைக்கு எட்டவில்லை. அவருடைய ஆறரையில் எட்டியது. அது எப்போதோ அவர் உயரத்துக்கு வெட்டப்பட்டது. இத்தனை நாளும் ஓர் ஆறடி ஆணுக்கான பிடங்கைத் தோளில் வைத்து, எட்டி எட்டி, கழுத்தை நீட்டிச் சுட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாளே கடைக்குப் போனேன். தனியாகப் போனேன். மாற்றவா என்று கடைக்காரர் கேட்டார். "வெட்டுங்கள்" என்றேன். பிடங்கில் மூன்று சென்ரிமீற்றரை வெட்டி, நுனியில் தடித்த றப்பர் ஒன்றைப் பூட்டித் தந்தார்.

அன்றிலிருந்து தினமும் மகளைப் பிள்ளைப்பராமரிப்பில் விட்டுவிட்டு வந்து, வேலைக்குப் போகுமுன் கதவைப் பூட்டி, திரையை இழுத்துவிட்டு, ரவை எதுவுமில்லாத துவக்கோடு நிலவறையில் படுத்துக்கிடந்து சுவரில் ஒட்டிய ஒரு புள்ளியைச் சுட்டேன். இருபது தடவை. விசை விழும்போது புள்ளி அசையக் கூடாது. ரவை இல்லை என்பதை ஒவ்வொரு தடவையும் மூன்று முறை பார்த்தேன். ஒருநாள் பஸ்ஸில் ஏறியபிறகு அலுமாரியைப் பூட்டினேனா என்று சந்தேகம் வந்து இறங்கித் திரும்பி வந்தேன். பூட்டித்தான் இருந்தது. வேலைக்குப் பிந்திப் போனேன்.

இரண்டு வாரத்தின் பின் என் மக்னத்தையும் பெண்மணியின் ஆறரையையும் மாறி மாறிச் சுட்டுப் பார்த்தேன். இரண்டிலும் குறி ஒன்றுபோல விழுந்தது. அப்போதும் ஆறரைக்குப் போயிருக்கலாம். அறிவுள்ள எவரும் போயிருப்பார். ஆனால் என்னைப்போல எதையும் இரண்டு தடவை யோசிப்பவளுக்கு ஒரு நியாயம் பட்டது. ஆறரையில் நான் என்ன பிழை விடுவேன் என்று எனக்குத் தெரியாது. இந்தக் குட்டை மக்னத்தில் என் பிழைகள் எல்லாம் எனக்குத் தெரியும். ஒவ்வொன்றையும் என் தோளும் புருவமும் அறியும். இதையே வைத்துக்கொள்கிறேன் என்றேன். மூன்றாம் தடவை சோதனையில் ஐந்தும் உள்ளே.

பிறகு தூரத்தைச் சோதித்தேன். இருநூறில் ஐந்தில் ஒன்று எல்லைக்கோட்டில் விழுந்தது. முன்னூறில் இரண்டு எங்கே போயின என்றே தெரியவில்லை. துவக்கால் முடியும். என்னால் முடியாது. கொப்பியில் "நூற்றைம்பது" என்று எழுதி இரண்டு கோடு இழுத்து, கணவரிடம் காட்டினேன்.

"நூற்றைம்பதிலை அடிக்கிறதுக்கு இவ்வளவு பெரிய துவக்கு என்னத்துக்கு?"

"நீங்கள் சொல்லித்தானே வாங்கினது."

"நான் முன்னூறுக்கெல்லே சொன்னனான்!"

"முன்னூறுக்கு வேறை மனுசியைப் பாருங்கோ."

மகளைக் கணவரின் அக்காவிடம் விட்டுவிட்டு மலைக்குப் போனோம். மூன்றாவது நாள் காலை, பெண்மணியும் கணவரும் நானும் ஒரு பாறைக்குப் பின்னால் கிடந்தோம். எதிர்ச் சரிவில் இருபது பனிமான்கள் மேய்ந்தன. கணவர் தூரம் அளக்கும் கருவியைக் கண்ணில் வைத்து, "முன்னூற்றிப் பத்து" என்று மெல்லச் சொன்னார். நான் அசையவில்லை.

"இஞ்சேரும், காத்தும் இல்லை. மலைமாதிரி நிக்குது. இதுக்குத்தானப்பா வாங்கினது."

"ஏலாது."

"இப்ப விட்டா நாளைக்கு மழையாம்."

"மழையெண்டா நனைவம்."

பெண்மணிக்குத் தமிழ் தெரியாது. ஆனால் புன்னகைத்தார், பிறகு கையால் கீழே ஒரு நீரோடையைக் காட்டினார். அதன் வழியாகத் தவழ்ந்தோம். துவக்கை முழங்கைகளின் மேல் குறுக்கே வைத்துக்கொண்டு, ஈரப்பாசியிலும் கல்லிலும். காற்று முகத்தில் அடித்தது. எங்கள் வாடை அவற்றுக்குப் போகாது. நீளக் குழலாக இருந்திருந்தால் நூறு கல்லில் முட்டியிருக்கும். எவ்வளவு நேரம் என்று தெரியாது, முழங்கால் மரத்துப்போனது. கருவி நூற்றுமுப்பது காட்டியபோது நின்றோம்.

குறிக்கண்ணாடியில் ஓர் இளம் மான் வந்து நின்றது. அதற்குப் பின்னால் இன்னொன்று. இந்தச் சன்னம் ஒன்றைத் துளைத்து அடுத்ததிலும் ஏறும். காத்திருந்தேன். முன்னது இரண்டு அடி வைத்தது. பின்னதும் வைத்தது. என் விரலை விசையிலிருந்து எடுத்துவிட்டேன். மறுபடி காத்திருந்தேன். மூச்சு ஒழுங்காக வந்தபோது அது தனியே நின்றது. பின்னால் வெறும் கல். விரலை வைத்தேன். எப்போது இழுத்தேன் என்று எனக்குத் தெரியாது.

மந்தை முழுவதும் வெருண்டு மேட்டுக்கு அப்பால் ஓடி மறைந்தது. விழுந்து கிடப்பது ஒன்றும் இல்லை. சரிவு வெறுமையாக இருந்தது.

"விழேல்லை" என்றார் கணவர்.

எழும்பப் போனேன். பெண்மணி என் தோளை அழுத்தினார். "இரு. அடிபட்டதை எழுப்பித் துரத்தக் கூடாது." அடுத்த ரவையைப் போட்டுக்கொண்டு கிடந்தேன். அந்தக் கால்மணி நேரத்தில் நான் செய்ததை எல்லாம் மறுபடி செய்து பார்த்தேன். புள்ளி அசைந்ததா? கண் மூடினேனா? ஆறரையாக இருந்திருந்தால்? வயிற்றில் பட்டிருந்தால் எவ்வளவு தூரம் போகும்? இந்த மலையில் எங்கே தேடுவது? தேடுவேன் என்று மட்டும் முடிவுசெய்துகொண்டேன். மழை வந்தாலும், விடுமுறை முடிந்தாலும், மகள் அழுதாலும் தேடுவேன்.

பிறகு நடந்தோம். அது நின்ற இடத்தில் சில மயிர்கள் மட்டும். நாலைந்து அடி தள்ளி ஒரு கல்லில் நுரையோடு பளிச்சென்ற சிவப்பு இரத்தம். பெண்மணி அதை விரலால் தொட்டு, "நுரையீரல்" என்றார். நான் முன்னால் போனேன். மேட்டைத் தாண்டியதும், எங்கள் வீட்டு வாசலில் இருந்து வேலிவரை இருக்கும் தூரத்தில், அது பக்கவாட்டில் கிடந்தது. கண்ணைக் குச்சியால் தொட்டுப் பார்த்தேன். அசைவில்லை. தோளுக்குப் பின்னால், நான் குறி வைத்த இடத்தில், ஒரு சின்ன ஓட்டை.

"எத்தனை விநாடி உயிரோடு இருந்திருக்கும்?" என்று பெண்மணியிடம் கேட்டேன்.

"பத்து."

"பத்துக்கு மேலே இல்லைத்தானே?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ என் வயதிலும் இதையே கேட்பாய். கேள். இப்போது கத்தியை எடு. இறைச்சி சூட்டில் கிடக்கக் கூடாது."

கணவர் மானைப் பார்த்தார், பிறகு வானத்தைப் பார்த்தார். "நான் தண்ணி எடுத்துக்கொண்டு வாறன்" என்று ஓடைப்பக்கம் இறங்கிப் போய்விட்டார். போத்தல்கள் எல்லாம் என் பையில்தான் இருந்தன.

துவக்கிலிருந்த ரவையை எடுத்து, உள்ளே ஒன்றும் இல்லை என்று மூன்று தடவை பார்த்து, அதை ஒரு பாறையில் சாய்த்து வைத்தேன். சட்டைக் கைகளை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டு, மானின் பக்கத்தில் மண்டியிட்டேன்.